பிரிட்டனின் பழைய ஒலிபெருக்கிகள்: அசலை அறியும் வழி

ஒலிபெருக்கி என்ற மாத்திரத்தில் நம்மவரின் மனக்கண் முன் வந்து நிற்பது கூட்ட மைதானத்தில் மூங்கிற் கம்பத்தின் உச்சியில் கட்டப்பட்ட கொம்புதான். பேச்சாளரின் சொல் கடைசி வரிசைக்கும் அப்பால் தெருமுனையில் நிற்போர் காதிலும் விழவேண்டும் என்பதே அதன் ஒரே நோக்கம். குரலின் இனிமை கெட்டாலும் பாதகமில்லை. சொல் விளங்கினாற் போதும். அதே குலத்தில் பிறந்து, முற்றிலும் வேறான தருமத்தை மேற்கொண்ட மற்றொரு கருவியும் உண்டு. அது வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, பாடினவர் பாடினபடியே, வாசித்தவர் வாசித்தபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் நமக்குக் கேட்பிக்க முயல்வது. மேனாட்டார் இவ்வகையை ஹை-ஃபை என்று அழைக்கின்றனர். மூலத்திற்கு மிகுந்த விசுவாசமுடையது என்பது அச்சொல்லின் கருத்து. பிராட்ஃபோர்டு, ஹன்டிங்டன், மெய்ட்ஸ்டோன் முதலிய ஆங்கிலேய ஊர்களிலும் லண்டனின் புறநகர்களிலும் இருந்த சிறு தொழிற்சாலைகள், 1947-ம் வருஷம் முதல் சுமார் நாற்பது வருஷ காலம் இத்துறையில் செய்த வேலையைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம்.

இப்பொழுது அதைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். அக்காலத்தில் இவற்றை வாங்கிய தலைமுறை மறைந்து வருகிறது. வீட்டைக் காலி செய்யும் வாரிசுகளுக்கு மூலையில் நிற்கும் பழைய மரப்பெட்டி வெறும் தட்டுமுட்டுச் சாமானாகத் தோன்றுகிறது. அதனுள் இருப்பதன் மதிப்பை அறிந்த வியாபாரியோ, பெட்டியை உடைத்து எறிந்துவிட்டு உள்ளிருக்கும் பாகங்களை மாத்திரம் கழற்றித் தனித்தனியே விற்றுவிடுகிறான். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆர்வமுள்ளவர், ஆனால் அறிவற்றவர். அபிவிருத்தி செய்வதாகச் சொல்லிக்கொண்டு பழைய கம்பிகளையும் சுருள்களையும் பிடுங்கிவிட்டுப் புதியன வைக்கிறார். மூவராலும் விளையும் நஷ்டம் ஒன்றே. அசல் எது என்று அறிந்தவர் பெருகினாலொழிய இந்த நஷ்டம் நிற்காது.

கருவியின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1925-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட முறையே பெரும்பாலும் இன்றளவும் கையாளப்படுகிறது. வலிய காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள் தொங்குகிறது. அதில் மின்சாரம் பாய்ந்ததும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. காந்தம், சுருள், கூம்பு மூன்றும் சேர்ந்த கருவியை ‘யூனிட்’ என்பது தொழிலாளர் வழக்கு. நாமும் அப்படியே சொல்வோம். கனத்த தொனிக்குப் பெரிய யூனிட்டும் கீச்சுத் தொனிக்குச் சிறிய யூனிட்டும் வேண்டும். வரும் மின்சாரத்தைப் பங்கிட்டு இரண்டிற்கும் உரியதை உரியதற்கு அனுப்பும் சுருள்களும் கண்டென்சர்களும் அடங்கிய பலகைக்குப் பகுப்புச் சுற்று என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். யூனிட், பகுப்புச் சுற்று, பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பொய் பேசத் தொடங்கும்.

நிலவறையில் பிறந்த தொழில்

பிராட்ஃபோர்டு கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். அவ்வட்டாரத்தில் ஜவுளி ஏற்றுமதி வியாபாரத்தில் இருந்தவர் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர். 1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் வியாபாரம் மந்தப்பட்டது. அவருடைய தொழிலும் தளர்ந்தது. 1932-ம் வருஷத்தில் இல்க்லி என்ற ஊரில் தம் வீட்டு நிலவறையில் அமர்ந்து முதல் ஒலிபெருக்கியைச் செய்தார். வார்ஃப் நதி ஓடும் பள்ளத்தாக்கின் பெயரையே தம் சரக்குக்குச் சூட்டினார். வார்ஃப்டேல் என்பது அதுவே. பியானோ வாத்தியத்தில் மிகுந்த பற்றுள்ளவரான பிரிக்ஸ், தாம் செய்த கருவிகளைத் தம் காதுகொண்டே சோதித்தார். 1948-ம் வருஷத்தில் ஒலிபெருக்கிகளைப் பற்றிச் சாமானியருக்கும் விளங்கும்படி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதைத் தொடர்ந்து பல எழுதினார். தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்காமல் வாங்குவோருக்குக் கற்றுக்கொடுத்த வியாபாரி என்ற வகையில் அவரைப் பாராட்டவேண்டும்.

1954-ம் வருஷத்தில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவர் நடத்திய பரீட்சை சரித்திரப் பிரசித்தி பெற்றது. மேடையில் வித்துவான்கள் நேரில் வாசித்தனர். அவர்கள் முன்பு வாசித்துப் பதிவு செய்த சங்கீதம் ஒலிபெருக்கிகளின் வழியே உடனுக்குடன் கேட்பிக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் உரிமை சபையோருக்கு விடப்பட்டது. தன் சரக்கை அசலின் பக்கத்தில் நிறுத்திக்காட்ட எத்தனை வியாபாரிகள் துணிவர்? மறு வருஷம் நியூயார்க் கார்னெகி ஹாலிலும் இத்தகைய பரீட்சை நடந்தது. 1958-ல் பிரிக்ஸ் தமது ஸ்தாபனத்தை ராங்க் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

அக்காலத்து வார்ஃப்டேல் யூனிட்டுகளை அறிவது கடினமன்று. மாதிரியின் பெயரோடு சேர்ந்த எழுத்துகளே ஜாதகம் சொல்லும். ‘ஏ.எல்.’ என்றிருந்தால் சுருள் அலுமினியக் கம்பியாலானது. ‘எஃப்.எஸ்.’ என்றிருந்தால் கூம்பின் விளிம்பு ஸ்பாஞ்சினாலானது, ‘ஸி.எஸ்.’ என்றால் துணியாலானது. துணி விளிம்பு பல தசாப்தங்கள் நிற்கும். ஸ்பாஞ்சு விளிம்பு காலத்தில் பொடிந்து உதிரும். அதை முன்னரே எதிர்பார்த்து விலை பேசவேண்டும். பிரிக்ஸின் மற்றொரு யுக்தி மணல். பெட்டியின் பலகை அதிர்ந்தால் தானும் ஒரு குரல் எழுப்பிவிடும் என்று கண்ட அவர், இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலைக் கொட்டி அடைத்தார். எஸ்.எஃப்.பி. 3 என்ற மாதிரி இவ்வகையில் புகழ்பெற்றது. மூடிய பெட்டியாக இராமல், யூனிட்டுகளைத் தாங்கும் மணற்பலகையாகவே நிற்பது அது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் சுவரைத் தட்டினாற்போல் மொத்தென்று இருக்கும். தூக்குவதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும் என்பதையும், மூட்டு விட்ட பலகை வண்டியில் ஏற்றும்போது மணலைச் சிந்தும் என்பதையும் வாங்க நினைப்போர் நினைவில் வைப்பது நலம்.

நிறமே முத்திரை

கூட்ட மைதானத்துக் கொம்புக்கும் வீட்டுப் பெட்டிக்கும் உள்ள பந்துத்துவத்தை விளக்க டனாய் கம்பெனியைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1926-ல் கை ஃபவுன்டன் என்பவர் தென் லண்டனில் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. அவர் அப்போது பயன்படுத்திய டான்டலம், ஈயம் கலந்த உலோகத்தின் பெயரைச் சுருக்கியே டனாய் என்ற சொல் பிறந்தது. ரயில் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் அவர் கம்பெனியின் ஒலிபெருக்கிகள் அவ்வளவு பரவியதால், பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் எந்த அறிவிப்புக் கொம்பும் ‘டனாய்’ ஆகிவிட்டது. ஆயினும் அந்தக் கம்பெனியின் உண்மையான பெருமை 1947-ம் வருஷத்தில் தோன்றிய இரட்டை யூனிட்டில் இருக்கிறது.

அதன் அமைப்பு வெகு சாதுரியமானது. கீச்சுத் தொனியைப் பிறப்பிக்கும் சிறு கருவி, பெரிய யூனிட்டின் காந்தத்திற்குப் பின்னே ஒளிந்திருக்கிறது. அதன் ஒலி காந்தத்தின் நடுவே துளைத்த வழியாக வந்து, பெரிய கூம்பையே கொம்பின் வாயாகக் கொண்டு வெளிப்படுகிறது. கனத்த தொனியும் நுண்ணிய தொனியும் ஒரே மையத்திலிருந்து புறப்படுவதால், பாடகர் ஓரிடத்தில் நிற்பதாகவே காது நம்புகிறது. லாக்வுட் என்பார் செய்த பெட்டிகளில் இந்த யூனிட்டுகளைப் பொருத்தி, பிரிட்டனின் இசைப்பதிவு நிலையங்கள் பலவற்றில் உபயோகித்தார்கள்.

இவற்றைத் தேடுவோர் முதலில் பார்ப்பது பின்புறத்தை. காந்தத்தை மூடியிருக்கும் உறையின் நிறம் காலத்தைச் சொல்லும். முதலில் வந்தது கறுப்பு, 1950-களில் வெள்ளி, அப்பால் சிவப்பு, 1967-ல் பொன்னிறம். சிவப்பு வரையிலானவை 15 ஓம். பொன்னிறமானது 8 ஓம். இந்த மாறுதலுக்குக் காரணம் யூனிட்டில் இல்லை, அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. வால்வுகள் போய் டிரான்ஸிஸ்டர்கள் வந்த சமயம் அது. புதிய ஆம்ப்ளிஃபையர்களுக்கு ஏற்பவே அளவைக் குறைத்தார்கள். 1974-ல் எச்.பி.டி. என்ற வரிசை தோன்றியது. அதற்கு முந்திய கூம்புகளின் விளிம்பு கூம்போடு ஒன்றாக மடித்த காகிதம். இன்றும் பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. எச்.பி.டி.யின் விளிம்போ ஸ்பாஞ்சு. மாற்றப்படாமல் இன்று நல்ல நிலையில் இருப்பது அரிது. கூம்பின் பின்னே விலா எலும்புகள் போன்ற பட்டைகள் ஒட்டியிருப்பதும் எச்.பி.டி.யின் அடையாளம்.

பெட்டியைக் கொண்டு டனாயை மதிப்பிடப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். கம்பெனி யூனிட்டுகளைத் தனியாகவும் விற்றது. அது வெளியிட்ட வரைபடங்களைப் பார்த்துத் தச்சர்களும் வீட்டுக்காரர்களும் பெட்டிகளைச் செய்துகொண்டார்கள். ஆகையால் அவலட்சணமான பெட்டிக்குள் உயர்ந்த யூனிட்டும், அழகான பெட்டிக்குள் ஒன்றுமில்லாததும் இருக்கக்கூடும். திருகைக் கழற்றிப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது. மேலும் டனாயின் பகுப்புச் சுற்று யூனிட்டோடு ஒட்டியிராமல் தனிப் பெட்டியில் இருக்கும். யூனிட்டை விற்றவர்கள் பல சமயம் அதை மறந்துவிட்டார்கள். பொன்னிற வரிசைக்குரிய பெட்டியில் கீச்சுத் தொனியைக் கூட்டவும் தணிக்கவும் இரண்டு திருப்பிகள் உண்டு. அது இல்லாத யூனிட் பாதி யூனிட்தான்.

இங்கே ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். இந்தக் கருவிகளின் அருமையை அதிகம் உணர்ந்தவர்கள் பிரிட்டிஷார் அல்லர், ஜப்பானியர். யாசுஸுகே கோமி என்ற ஜப்பானிய நாவலாசிரியர், ஃபவுன்டனின் கையெழுத்தையே பெயராகக் கொண்ட ‘ஆட்டோகிராஃப்’ என்னும் மாபெரும் டனாய்ப் பெட்டியை வரவழைத்து, அதைப் பற்றி ஓயாமல் எழுதினார். 1980-ல் அவர் காலமான பிறகும் அந்தப் பெட்டி டோக்கியோவில் நெரிமா பகுதியில் பொதுச் சொத்தாகப் பேணப்படுகிறது. சொந்த ஊரார் கொல்லையில் எறிந்ததை அயல்நாட்டார் கப்பலேற்றிச் சென்றார்கள். அங்ஙனம் சென்றவற்றில் பெரும்பாலானவை பெட்டியின்றி யூனிட்டாகவே சென்றன.

கணப்பைப் போன்ற கருவி

ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் செய்த குவாட் ஒலிபெருக்கியைப் பற்றி இரண்டொரு வார்த்தை போதும்; அதைக் கண்டுகொள்வதில் சிக்கல் இல்லை. குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் கணப்பைப் போலவே, வளைந்த உலோக வலைமுகத்தோடு தரையில் நிற்கும். அதில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை, பெட்டியும் இல்லை. துளைகளிட்ட இரண்டு தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றத்தோடு விறைத்து நிற்கிறது. அந்த ஏடு அசைவதே ஒலி. 1957 முதல் 1985 வரை இம்மாதிரி விற்பனையில் இருந்தது. மனிதக் குரலை இவ்வளவு இயற்கையாகக் காட்டும் கருவியை அதற்கு முன்னும் காணோம், பின்னும் அரிதாகவே காண்கிறோம் என்பது நமது அபிப்பிராயம். பேரிகை முழக்கத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது தகாது. உரத்து ஓட்டினால் நடு ஏட்டில் பொறி பறந்து துளை விழும். கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும், பயிற்சியற்றவர் திறக்கலாகாது. தூசியும் ஈரமும் இதன் சத்துருக்கள். நமது கடற்கரை ஊர்களில் இதை வைத்துக் காப்பது எளிதன்று.

ஒலிபரப்பு நிலையம் வகுத்த அளவுகோல்

நிற்க. இதுவரை சொன்னவை தனி மனிதர்களின் சாமர்த்தியத்தால் விளைந்தவை. இனிச் சொல்லப்போவது ஒரு பொது ஸ்தாபனத்தால் விளைந்தது. ஜனங்கள் செலுத்தும் கட்டணத்தால் நடப்பது பி.பி.ஸி. 1955-ல் அது எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது, முன்னிலும் நுண்ணிய ஒலியை வீடுகளுக்கு அனுப்பலாயிற்று. அனுப்புகிறவர்கள் தாம் அனுப்புவது சரியா என்று கேட்டு அறியவேண்டாவா? கடைச் சரக்குகளில் ஒன்று போல் மற்றொன்று ஒலிக்கவில்லை. ஆகவே பி.பி.ஸி.யின் ஆராய்ச்சிப் பகுதியார் தாமே ஒலிபெருக்கிகளை வகுக்கத் தொடங்கினர். அவர்களுடைய சோதனை முறை எளியது, ஆனால் கடுமையானது. ஸ்டூடியோவில் பேசுகிறவரை நேரில் கேட்பது. அடுத்த அறைக்குச் சென்று அதே குரலை ஒலிபெருக்கியில் கேட்பது. வேற்றுமை எங்கே என்று எழுதுவது. ஆண் குரலின் சாதாரணப் பேச்சே மிகவும் கண்டிப்பான பரீட்சை என்று அவர்கள் கண்டார்கள்.

காகிதக் கூம்புகளில் ஒன்றைப் போல் ஒன்று அமைவதில்லை என்பது பெரிய தொல்லையாக இருந்தது. பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துக் கூம்பு செய்யும் வழி அதற்குப் பரிகாரமாக அமைந்தது. அந்த வேலையில் ஈடுபட்டிருந்த ஸ்பென்ஸர் ஹியூஸ் என்ற பி.பி.ஸி. இஞ்சினீயர் 1969-ல் சொந்தத் தொழில் தொடங்கி, தம் பெயரையும் மனைவி டாரதியின் பெயரையும் இணைத்து ஸ்பென்டார் என்றார். ஆராய்ச்சியில் முதன்மையாக இருந்த டட்லி ஹார்வுட் 1977-ல் தம் பெயரையும் மனைவி எலிஸபெத்தின் பெயரையும் சேர்த்து ஹார்பெத் என்றார். தம்பதிகளின் பெயரால் தொழில் நடத்தும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது! பிரிக்ஸிடம் வேலை பார்த்த ரேமண்ட் குக் என்பவர் 1961-ல் மெய்ட்ஸ்டோனில் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையின் வளாகத்தில் கே.ஈ.எஃப். கம்பெனியை நிறுவி, பி.பி.ஸி.க்கு வேண்டிய யூனிட்டுகளைச் செய்து கொடுத்தார்.

இந்த மரபில் எல்லாவற்றிலும் பெயர்பெற்றது எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டி. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. ஒரு கையால் தூக்கிவிடலாம். வெளியூர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வண்டியில் பெரிய பெட்டிக்கு இடமில்லை; அதற்காகவே 1970-களின் நடுவில் இது உருவாயிற்று. ஹார்வுட்டும் அவர் கூட்டாளிகளும் இதன் வரலாற்றை 1976-ல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். பி.பி.ஸி. இதைத் தானே விற்கவில்லை. அளவுகளை வகுத்து, அவ்வளவின்படி செய்ய ஒப்புக்கொள்ளும் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பென்டார், ஹார்பெத், குட்மன்ஸ் முதலிய பல பெயர்கள் அதன் முகத்தில் காணப்படுவதற்கு இதுவே காரணம். பெயர்த் தகடு எதுவாயினும் உள்ளிருப்பது ஒன்றாகவே இருக்கவேண்டும், ஒன்றாகவே ஒலிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பெயருக்கு மூன்று மடங்கும் மற்றொரு பெயருக்கு ஒரு மடங்குமாக இன்று விலை சொல்லுகிறவர்கள் இந்த நிபந்தனையைப் படிக்கவில்லை போலும்.

அசலை அறியும் விதம் இது. முன்முகத்துக் கறுப்புத் துணிச்சட்டத்தை மெதுவாக இழுத்தால் பெயர்ந்து வரும். மேலே கே.ஈ.எஃப். கம்பெனியின் ட்வீட்டர், டி27 என்பது. அதன்மேல் துளைகளிட்ட சிறு உலோக மூடி. அதைச் சுற்றி நாற்புறமும் தடித்த கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கும். ட்வீட்டரின் ஒலி பெட்டியின் விளிம்பில் மோதிச் சிதறாமலிருக்கவே இந்தப் பட்டை. அழுக்கேறியிருக்கிறதே என்று பிய்த்து எறிந்தவர்களும் உண்டு. கீழே பி110 என்ற பெக்ஸ்ட்ரீன் கூம்பு. பெட்டி மெல்லிய பிர்ச் ப்ளைவுட்டினாலானது; உட்புறம் தாரைப் போன்ற கனத்த தகடு ஒட்டி அதிர்வு அடக்கப்பட்டிருக்கும். மூலைகளில் உள்ள மரச்சட்டம் பீச் மரமாக இருக்கவேண்டும். சட்டத்தின் மரம் மாறினாலும் குரலின் நிறம் மாறுவதைக் கண்டே பி.பி.ஸி. மரத்தின் ஜாதியைக்கூடக் கட்டளையிட்டது.

இரண்டு காலத்துச் சரக்கு உண்டு என்பதையும் அறிதல் வேண்டும். முதலில் வந்தவை 15 ஓம். அவற்றின் பகுப்புச் சுற்றில் எஃப்.எல். 6/23 என்றும், பி110 யூனிட்டின் சீட்டில் எஸ்.பி. 1003 என்றும் காணலாம். காலக்கிரமத்தில் யூனிட்டுகளின் குணம் சிறிது சிறிதாக விலகிப் போகவே, 1987 வாக்கில் எல்லாவற்றையும் மறுபடி அளந்து 11 ஓம் மாதிரியை வெளியிட்டார்கள். அதன் யூனிட்டில் எஸ்.பி. 1228 என்றிருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எங்களைக் கேட்டால், சரியாக உள்ள ஜோடி எதுவோ அதுவே உயர்ந்தது. 15 ஓம் ஒன்றும் 11 ஓம் ஒன்றும் சேர்த்து ஜோடியென்று விற்பவனிடம் மாத்திரம் ஏமாறக்கூடாது. 2000-க்குப் பின் சில கம்பெனிகள் இதே பெயரில் புதிதாகச் செய்து விற்கின்றன. அவை நல்லவையாகவே இருக்கலாம், பழையவை அல்ல. முகத்தில் ஒட்டும் தகட்டைப் போலியாகச் செய்வது மிக எளிது. பெட்டிக்குள் உள்ள சீட்டையும் பகுப்புச் சுற்றின் எண்ணையும் பார்க்க அனுமதிக்காதவனிடம் வாங்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.

கேட்டு அறிதல்

கண்ணால் பார்த்தாயிற்று; இனிக் காது. புதுச் சரக்கு விற்கும் கடைகளில் இடி முழக்கமும் கண்ணாடி உடையும் சப்தமும் கேட்பித்து வாங்குவோரை மயக்குவார்கள். பழைய பிரிட்டிஷ் பெட்டியை அப்படிச் சோதிப்பது, சித்தூர் மாம்பழத்தைப் பல்லால் கடிக்காமல் தரையில் எறிந்து பார்ப்பது போலாகும். பி.பி.ஸி.யார் செய்தபடி, நமக்கு நன்கு பழகின குரலொன்றை எடுத்துக்கொள்க. பேச்சாயினும் சரி, தம்பூரா சுருதியோடு பாடிய பாட்டாயினும் சரி. நேரில் பேசுகிற அளவுக்கே ஒலியை வைக்கவேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, உட்கார்ந்தவர் காதின் உயரத்திற்கு ஏற்றி நிறுத்துக. குரல் மார்பிலிருந்து வருகிறதா, தொண்டையிலிருந்து வருகிறதா, அல்லது பெட்டியிலிருந்து வருகிறதா? பெட்டியிலிருந்து வருவதாகத் தோன்றினால் ஏதோ கெட்டிருக்கிறது. எல்.எஸ். 3/5ஏ நல்ல நிலையில் இருந்தால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒன்றுமில்லாத வெளியில் ஓர் ஆள் நிற்பதாகப் பிரமை உண்டாகும். மிருதங்கத்தின் தொப்பி அதில் முழு உருவில் கேளாது. அவ்வளவு சிறிய பெட்டிக்கு அது சாத்தியமுமன்று. கேட்பதாகத் தோன்றும் சிறிது கனமும், கீழ்த்தொனி தொடங்குமிடத்தைச் சற்றே உயர்த்திக் காதை ஏமாற்றும் சாதுரியத்தால் விளைந்தது. முழு மிருதங்கம் வேண்டுவோருக்கு டனாய் இருக்கிறது.

துணிச்சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கேட்பது இக்காலத்து நாகரிகம். எல்.எஸ். 3/5ஏ விஷயத்தில் அது பிசகு. அந்தத் துணியையும் ஒரு பாகமாகக் கணக்கில் கொண்டே அளவெடுத்திருக்கிறார்கள். சாயம் போயிற்றென்று கடைத்தெருவில் கிடைத்த வேறு துணியைப் போர்த்துவதும் அதே பிசகுதான்.

பழுது பார்த்தல்

பழையதைத் தொடவே கூடாது என்பது எங்கள் கட்சியன்று. ஸ்பாஞ்சு விளிம்பு உதிர்ந்தால் புதிது ஒட்டத்தான் வேண்டும். கண்டென்சர் வயதாகி அளவு மாறினால் அதே அளவுள்ளதை வைக்கத்தான் வேண்டும்; விலை உயர்ந்தது என்ற ஒரே காரணத்திற்காக வேறு வகையைப் புகுத்தலாகாது. எடுத்த பழையதைக் குப்பையில் போடாமல் ஒரு உறையிலிட்டுப் பெட்டியோடு வைக்கவேண்டும். பின்னால் வருகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். கூம்பையே மாற்றிவிட்டால் அந்த யூனிட் பெயரளவில்தான் பழையது. காந்தத்தைப் பிரிப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. அக்காலத்துக் காந்தங்கள் கோபால்ட் கலந்த உலோகத்தாலானவை. பிரித்தால் வலிமை குன்றும், மறுபடி காந்தமேற்ற வசதியுள்ள பட்டறைகள் மிகச் சில. 1970-களின் இறுதியில் கோபால்ட் விலை மிக ஏறியதால் தொழிற்சாலைகள் ஃபெரைட் என்ற மலிந்த காந்தத்திற்கு மாறிவிட்டன.

சுருள் உரசுகிறதா என்று அறிய, மின்சாரம் இல்லாத சமயத்தில் இரு கை விரல்களாலும் கூம்பை இரு பக்கமும் சமமாக, மிக மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். மணலில் தேய்ப்பது போன்ற சப்தம் கேட்டால் சுருள் இடம் மாறியிருக்கிறது. சிறுவர்கள் விரலால் அமுக்கிக் குழித்த நடுக்குமிழைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை, பார்வைக்குத்தான் கேடு. ட்வீட்டரின் குமிழ் குழிந்திருந்தால் மாத்திரம் யோசிக்கவேண்டும்.

எல்.எஸ். 3/5ஏ-க்கு உயிரான யூனிட்டுகளைக் கே.ஈ.எஃப். 1990-களின் இறுதியில் நிறுத்திவிட்டது. ரோஜர்ஸ் கம்பெனி அதற்கு முன்பே, 1993-ல், ஹாங்காங் முதலாளிகளின் கைக்குப் போயிற்று. இனி ஒரு பி110 எரிந்துபோனால், மற்றொரு ஜோடியைப் பிரித்துத்தான் அதை நிரப்பவேண்டும். ஆதலின் இத்தகைய பெட்டிகள் ஒருவர் கைக்கு வாரிசாக வந்து சேர்ந்தால், வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை அதற்கு ஒதுக்குவது நலம். பின்புறத்து எண்களை எழுதிக்கொள்க. இரண்டு பெட்டிகளின் எண்களும் ஜோடியாக அமைந்திருக்கின்றனவா என்று பார்க்க. யூனிட்டின் சீட்டையும் பகுப்புச் சுற்றையும் படம் எடுத்து வைக்க. பழைய ரசீதோ, கம்பெனியார் அனுப்பிய அச்சுத் தாளோ மேஜை அறையில் கிடந்தால் அதையும் பெட்டியின் பின்புறத்தில் ஓர் உறையிலிட்டு ஒட்டிவிட்டு, அதன் பிறகு விலை பேசத் தொடங்குக.